பாலீஷ் போட்ட டியூப்

அந்தப் பழைய மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டியூபுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அதன் ரப்பர் விறகாய் இறுகி, உடம்பெல்லாம் வெடித்திருந்தது. மெக்கானிக் புது டியூபோடு வந்தபோது, வண்டிக்காரர் மாசிலாமணி, "ஒரிஜினல் பார்ட்டுங்க, கழட்டிடாதீங்க!" என்று தடுத்துவிட்டு, வெடிப்புகளில் கறுப்பு பாலீஷைத் தேய்த்தார்.

"செத்தவனுக்குப் பவுடர் பூசுறானே, பாவி!" என்று டியூப் கத்தியது.

"வாயை மூடு. பழைய வண்டிக் கண்காட்சிக்குக் கிளம்புற நேரம்," என்று பெட்ரோல் டேங்க் அதட்டியது.

பாதி வழியில் டியூப் பிளந்தது. பெட்ரோல் மொத்தமும் ரோட்டில் கொட்ட, வண்டி நின்றது. மாசிலாமணி வேர்க்க விறுவிறுக்கத் தள்ளினார்.

"பார்த்தியா, ஊரே என் பளபளப்பைப் பார்க்குது!" என்றது டேங்க்.

"உன்னையா பார்க்குது?" டியூப் சீறியது. "தள்ளுறவனைப் பார்த்துச் சிரிக்குதுடா!"