இருபத்தேழாம் எண் துணிகள்

என் மனைவி தவமணி இறந்து நான்கு மாதம் கழித்து, அவள் அம்மாவை ஈப்போவில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போனேன். நான் வேலைக்குப் போனால் அத்தை பகல் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தார்.

கட்டணம் மாதம் நூற்றிருபது வெள்ளி. சாப்பாடு, மருந்து, துணி துவைப்பது எல்லாம் அதில் அடக்கம். தாதி சக்கீனா பதிவேட்டில் காலியாக இருந்த எண்ணைத் தேடினார்.

"இருபத்தேழு. துணி மாறிடும்லா, அதான் நம்பர். எல்லாத்துலயும் நூலால தச்சுக் கொண்டாங்க, அப்பறம் சேத்துக்கலாம்."

"எனக்குத் தைக்கத் தெரியாது."

சக்கீனா நான் கொண்டுபோயிருந்த அத்தையின் துணிப்பையைத் திறந்தார். முந்தின நாள் நானே துவைத்து, காலையில் மடித்து வைத்த துணிகள்; அப்போது எதிலும் எண் இல்லை. இப்போது ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு நூலில் 27 இருந்தது.

"தச்சு எடுத்து வந்துட்டு வெளையாடுறீங்களா சார்?"

கடைசி ரவிக்கையில் 2 மட்டும் முடிந்திருந்தது. ஊசி அதிலேயே குத்தியிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை அதை வாங்கித் தையலைத் தடவினார். பிறகு மற்ற துணிகளைப் பார்த்தார்.

"தவமணி போட்டதுதான். பாருங்க, ஏழெல்லாம் அவ எழுதுற மாதிரியே கோணல்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இதுல ஏழ நான் தச்சுக்கிறேன். நீங்க வேலைக்குப் போங்க மாப்ள, ஞாயித்துக்கெழம வாங்க."

ஊசியில், ஒரு ஏழுக்குப் போதுமான நூல் மீதமிருந்தது.