எவருக்கும் தெரியாத பாஸ்வேர்டு

“ஈ, எறும்புகூட நுழைய முடியாதுங்க!” என்றாள் மனைவி, கம்ப்யூட்டரைச் செல்லமாகத் தட்டியபடி.

வீட்டிலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பாதுகாப்பாக இயக்கும் புரோகிராம் அது. ‘சி’ என்ற கம்ப்யூட்டர் மொழியில் மூன்று மாதமாகத் தனியாளாக எழுதியிருந்தாள். நான்கு மணிக்கு மேனேஜர் ஆன்லைனில் பார்க்கப் போகிறார்.

“பாஸ்வேர்டு அடிச்சா ஸ்கிரீன்ல புள்ளிகூட விழாது. எத்தனை எழுத்துன்னுகூட எவனுக்கும் தெரியக்கூடாது. அனுப்பின கையோட மெமரியிலேர்ந்தும் துடைச்சிடுவேன்.”

“பலே!” என்றான் கணவன், சட்டைக்கு இஸ்திரி போட்டபடி.

காற்றுக்காக ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டு, மூன்று ஐம்பதுக்கு ஒத்திகை பார்த்தாள். ‘பாஸ்வேர்டு தவறு’ என்றது ஆபீஸ் கம்ப்யூட்டர். மறுபடி அடித்தாள். மறுபடியும் தவறு.

“போச்சு! புரோகிராம்ல எங்கயோ ஒரு பாயிண்டர் தப்பான மெமரியைக் காட்டிச் சொதப்புது. ரெண்டாயிரம் வரியில நான் எங்கன்னு தேடுவேன்?” அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“புரோகிராம் மேல பழி போடாத. நீ கடைசில ஏழு அடிக்கிற. அதைத்தான் போன வாரமே எட்டா மாத்திட்டியே.”

அவள் திரும்பினாள். “என் பாஸ்வேர்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீதான் ஒவ்வொரு எழுத்தா சத்தமா சொல்லிக்கிட்டே அடிக்கிறியே, மூணு மாசமா!”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, எட்டைப் போட்டு அடித்தாள். அதுவும் தவறு.

எதிர் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி எட்டிப் பார்த்தார்.

“எட்டும் பழசும்மா. நேத்துதானே ஒன்பதா மாத்தினீங்க? சீக்கிரம் அடிங்க, மணி நாலாகப் போகுது!”