ரொடெலின் நாற்காலி

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு எதிலும் பயமில்லை. எரிமலை வெடித்துக் கடலுக்குள் இறங்கிய கல்லறைத் தோட்டத்தைப் படகில் வந்து பார்க்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள், நேரே விடுதிக்குப் போய்ப் படுக்கிறார்கள். கல்லறைக்குப் போனவன் வழியில் ஒரு கடையிலாவது உட்கார்ந்து எழ வேண்டும், இல்லாவிட்டால் செத்தது கூடவே வீட்டுக்கு வரும் என்பது கமிகின் தீவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

படகோட்டி தியோபிஸ்தோ கிழவருக்கும் தெரியும். ஆனாலும் மகன் ரொடெல் அந்தக் கல்லறைக் கடலில் மூழ்கி, பிணம்கூடக் கிடைக்காமல் போனதிலிருந்து, எங்கும் நிற்காமல்தான் வீடு திரும்புகிறார். அப்படியாவது பிள்ளை வந்துவிடுவான் என்பது மனைவி பசிலிசாவின் பிடிவாதம். அவருக்கு நம்பிக்கை இல்லை.

நேற்றுச் சாயங்காலம் அவர் பின்னாலேயே ஈரக் காலடிகள் படியேறி வந்து, ரொடெலின் நாற்காலியடியில் நின்றன. ஆளைக் காணோம்.

"வந்துட்டான்யா!" பசிலிசா சோறு போட்டு மீன் சாறு ஊற்றினாள்.

கிழவர் குனிந்து தரையைப் பார்த்தார்.

"அடியே, நம்ம பயலுக்கு இடது கால்ல சுண்டுவிரல் ஏது? சின்ன வயசுலயே படகுல நசுங்கிப் போச்சே. இதுல அஞ்சும் இருக்கு."

"கடல்ல முளைச்சிருக்கும். வாய மூடு கிழவா, பிள்ளை சாப்பிடட்டும்."

தட்டில் சோறு குறைந்துகொண்டிருந்தது.

"எவன் பெத்த பிள்ளையோ," என்றபடி கிழவர் படியிறங்கி நடந்தார். முதுகுக்குப் பின்னால், அவள் மறுசோறு போடும் சத்தம் கேட்டது.