ஓடிப் பிடிபட்டவன்

கயானா கைதி முகாமிலிருந்து தப்பியோடிய ஒனோரேயை நீதிபதி ஏற இறங்கப் பார்த்தார்.

"காட்டுக்குள்ள ஓடுனவன் ஆத்தங்கரையில தீ மூட்டி மீன் சுட்டுக்கிட்டு இருந்தியாமே! பிடிக்க வந்தவங்களுக்கு அடையாளம் காட்டவா?"

"பசி தாங்கலீங்கய்யா."

"மூணு வருஷம் தீவுல தனிச்சிறை!"

அங்கே போனவர்களில் பாதிப் பேர் திரும்புவதில்லை. ஒனோரேயோ நன்றி சொன்னான்.

"பைத்தியம் முத்திடுச்சு" என்று காவலர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் தீவில் படகிலிருந்து இறங்கியதும், அங்கிருந்த காவலனிடம் கெஞ்சினான்.

"என் தம்பி பப்டிஸ்ட் இங்கதான் காசநோயில கெடக்கான். அவனுக்குப் பக்கத்து அறையில போடுங்கய்யா. அதுக்காகத்தான் ஓடி மாட்டுனேன்."

காவலன் கடலைக் காட்டினான். வேறொரு படகு கரையை விட்டு வெகுதூரம் போயிருந்தது.

"உன் தம்பி அதுலதான் தண்டனை முடிஞ்சு உன் முகாமுக்குப் போறான். 'கடைசியா அண்ணன் மடியில சாகலாம்'னு இருமிக்கிட்டே சிரிச்சான்யா."