அண்ணாச்சி பயந்தால் வெடிக்கும் பை

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நாளைக் காலை என் காபியில் உப்பு விழட்டும். பாளையங்கோட்டையில் ஜெயசீலியின் கார் உடைக்கும் பட்டறையில் இதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

இந்தப் புதுக் கார்களின் ஏர்பேக், வண்டி மோதும்வரை காத்திருப்பதில்லை. பக்கத்தில் யாராவது பயந்தாலே வெடித்துவிடும். அதனால் உடைக்க வந்த காரிலிருந்து அதைக் கழற்றப் பயமறியாத ஆள் வேண்டும். ஜெயசீலிக்குப் பயம் பிறவியிலேயே இல்லை.

அன்று அவள் பாட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து பையை எடுத்து, அதன் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்தபடி முற்றத்துக் குழியை நோக்கி நடந்தாள். காரின் சொந்தக்காரர், ஓட்டல் நடத்தும் குலசேகரன் அண்ணாச்சி, எட்டிப் பார்த்து நடுங்கினார். பை விம்மத் தொடங்கியது. வெடித்தால் அவள் கை போய்விடும்.

அவள் நடையை நிறுத்தவில்லை. "அண்ணாச்சி, உங்க சாம்பார்ல பருப்பே கெடையாதாம்லா? ஊரே பேசுது."

"எவன் சொன்னது? கூப்பிடு அந்த எடுபட்ட பயல!"

கோபம் வந்த இடத்தில் பயம் நிற்குமா? பை அடங்கியது. முகம் மேலே பார்க்க அதைக் குழிக்குள் வைத்தாள்.

ஆனால் வெடிக்கவைத்த பிறகுதானே குப்பையில் போடமுடியும்? அண்ணாச்சியைச் சுவருக்குப் பின்னால் கூட்டிப்போய், அவர் பயம் பைக்குப் போய்ச் சேரட்டும் என்று பையிலிருந்து வரும் நீள வயரைக் கையில் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, சாப்பாடு சோதிக்கிற ஆபீசரு உங்க அடுப்படிக்குள்ள நிக்காராம்."

குழிக்குள் டமார் என்றது.

அந்த அறிவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். பட்டறையின் திறப்பு விழா இனிமேல்தான், 2079ஆம் ஆண்டு தை மாதம்.