ஆளுக்குப் பாதி

டாக்டர் சொல்லி முடித்துவிட்டார்.

அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை.

பக்கத்தில் கொழுந்தன் மலைச்சாமி. பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. முப்பது வயதில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவனுக்கு அந்தப் பக்கம் அவனைப் பெற்றவள், அவளுடைய மாமியார் பேச்சியம்மாள்.

டாக்டர் வடக்கத்திப் பெண். தமிழ் நாலு வார்த்தைக்கு மேல் வராது. அதனால்தான், "மதினி, நீங்களும் வாங்க. அவுக பேசுற இங்கிலீசு எனக்கு வெளங்காது" என்று மலைச்சாமி கூட்டி வந்திருந்தான்.

அவளுக்கு விளங்கிவிட்டது.

நுரையீரலைக் காக்கிற ஒரு புரதம். கல்லீரலில் உண்டாகி ரத்தத்தோடு வருவது. மலைச்சாமிக்குப் பிறவியிலேயே அது மிகக் குறைவு. தாயிடமிருந்து பாதிக் குறை, தகப்பனிடமிருந்து பாதிக் குறை. பெற்றவர்களை அந்தப் பாதி ஒன்றும் செய்யவில்லை. இரண்டும் வந்து சேர்ந்த பிள்ளைக்குத்தான் காவல் இல்லாமல் போயிற்று.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

இவருடைய அண்ணன். என் வீட்டுக்காரர். கொரோனாவில் போனவர். அவருக்கும்?

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இனிமேல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் இதே குறை இருந்திருந்தால், மற்றவர்களுக்கு லேசாக வந்துபோன காய்ச்சல் அவரைக் கடுமையாகப் பிடித்திருக்கலாம்.

அந்த வீட்டில் எல்லோருக்கும்தான் வந்தது.

முதலில் அவளுக்கு. ஊரடங்குக்குப் பிறகு ஜவுளிக்கடை திறந்ததும் வேலைக்குப் போனவள் அவள்தான். சில நாள் வாசனை தெரியவில்லை, அவ்வளவுதான். மாமியார் கஷாயத்தோடு தேறிவிட்டாள். மலைச்சாமி அப்போது வெளியூரில் இருந்தான்.

அவள் கணவன் தவமணி தேறவில்லை.

பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். முகம் பார்க்க விடவில்லை. ஆம்புலன்ஸ் கிளம்பும்போது பேச்சியம்மாள் ஊர் கேட்கச் சொன்னாள்.

"கொண்டாந்து குடுத்தவ இவதான்."

அதோடு சரி. பிறகு அவளிடம் நேராகப் பேசவில்லை. ஒரே கூரை, ஒரே அடுப்பு. தண்ணீர் வேண்டுமென்றாலும் சுவரைப் பார்த்துத்தான் சொல்வாள்.

அந்தப் பழியை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. அரிசி களையும்போதும் துணி அலசும்போதும் தனக்குத்தானே அவளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் மலைச்சாமி மாத்திரை வாங்கப் போனான்.

தாழ்வாரத்து சிமெண்ட் பெஞ்சில் இரண்டு பெண்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம்.

"டாக்டரம்மா என்ன சொல்லுச்சு?"

சுவரைப் பார்த்து அல்ல. அவளைப் பார்த்து.

அவளுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உங்க பாதி, மாமா பாதி. அவ்வளவு சொன்னால் போதும். இத்தனை காலம் நெஞ்சில் கிடந்த பாரத்தை எடுத்து எதிரில் இருப்பவளின் மடியில் வைத்துவிடலாம்.

பேச்சியம்மாளின் தாடை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. தவமணிக்கும் அதே தாடை.

"புகை, தூசி ஆகாதாம் அத்தை. தடுப்பூசியெல்லாம் தவறாமப் போடணுமாம். சூதானமா இருந்தாப் பயமில்லையாம்."

பேச்சியம்மாள் தலையாட்டினாள்.

"நடுவுல மதரு, மதருன்னுச்சே," என்றாள். "மதருன்னா ஆத்தாதான?"

அவள் தரையைப் பார்த்தாள்.

தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் மலைச்சாமி மருந்துப் பையோடு வந்துகொண்டிருந்தான். வழியில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு இறங்கட்டும் என்று காத்திருந்தான். இவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான்.

பேச்சியம்மாளின் கை நடு இடத்தைத் துழாவி வந்து அவள் மணிக்கட்டைப் பற்றியது.

எழுந்திருக்கத்தான் பிடிக்கிறாள் என்று நினைத்து அவள் கையை ஊன்றிக் கொடுத்தாள்.

பேச்சியம்மாள் எழுந்திருக்கவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை.