பத்தாவது பிழை

மென்பொருளைச் சோதிப்பதுதான் என் பிஹெச்.டி. ஆராய்ச்சி. லேபில் என் பக்கத்து சீட்டுக்காரி ரத்தினபாய், ஒரு புரோகிராமில் எனக்குத் தெரியாமல் பத்துப் பிழைகளை வைப்பாள். என் சோதனை அதில் எத்தனையைப் பிடிக்கிறது என்று பார்ப்போம். பிழைகளின் பட்டியலை அவள் கவரில் போட்டு ஒட்டுவாள். ஒட்டிய இடத்தின் மேல் கைடு தட்சிணாமூர்த்தி சார் தேதியோடு கையெழுத்துப் போட்டு அலமாரியில் பூட்டிவைப்பார்.

1993 ஜனவரி ஆறாம் தேதி ஒட்டிய கவரில் இருந்த பத்தில் என்னால் ஒன்பதைத்தான் பிடிக்க முடிந்தது.

"பத்தாவது எங்கே இருக்கு, சொல்லேன்" என்று தினமும் நச்சரிப்பேன்.

"நல்லாப் பாரு எட்மண்ட். கண்ணெதிரேதான் இருக்கு" என்பாள்.

மார்ச்சில் அவளுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. ஏப்ரலில் இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் சார் கவரை எடுத்துக் கொடுத்தார். அவர் கையெழுத்தும் ஜனவரி ஆறு என்ற தேதியும் கலையாமல் இருந்தன. நான்தான் கிழித்தேன். முதல் ஒன்பது வரிகளில் நான் பிடித்த ஒன்பது பிழைகள். பத்தாவது வரியும் அவள் எழுத்துதான்.

'மார்ச் இரண்டாம் தேதி, ராஜகீழ்ப்பாக்கம் பஸ் ஸ்டாப். என் கண் மஞ்சளாக இருந்தது. எட்மண்ட் பார்க்கவில்லை.'

அன்று பஸ் வரும்வரை நான் அவளிடம் பத்தாவது பிழையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சார் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். பேனாவைத் திறந்து ஒவ்வொரு வரியாக டிக் அடித்தார். கடைசி வரிக்கு மட்டும் அடிக்கவில்லை.

"பத்துக்கு ஒன்பது. நல்ல ரிசல்ட்தான், எழுதிக்கோ" என்றார்.